மடங்காத முழங்கால்

முதலில் வலி இல்லை. வலித்திருந்தால் பயந்திருப்பேன், பயந்திருந்தால் சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குச் சில வாரங்கள் இருந்தன. மாலைச் செபமாலை முடித்து எழுந்தபோது வலது முழங்கால் மட்டும் கொஞ்சம் தாமதித்து நிமிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லுக்கு மேலே பிசைந்த மாவு போல மெத்தென்று இருந்தது. லேசாகச் சூடும் இருந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. செஞ்சிக்கு நடந்தே போய்வரக்கூடிய ஓர் ஊரில் உபதேசியாராக இருந்தேன் (சாமியார் இல்லாத நாட்களில் கோவிலைத் திறந்து, செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருபவர்). சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் கோவில் என் கையில் இருந்தது.

முட்டி போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் பெருமை. எங்கள் கோவில் தரை மலைக்கல். அதன்மேல் நூற்றைம்பத்துமூன்று மணி செபமாலையும் அசையாமல் சொல்வேன். யாராவது குதிகாலில் சாய்ந்து உட்கார்ந்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அவர்கள் நிமிர்ந்துகொள்வார்கள். தாழ்மைக்கான அடையாளத்தை வைத்தே ஒருவன் தலைக்கனம் பிடித்துத் திரியலாம் என்பதற்கு நானே சாட்சி.

செஞ்சி பஜாரில் ஒரு கம்பவுண்டர் காலைப் பார்த்தார். "உள்ள தண்ணி கோத்துக்குணு இருக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி படம் எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

நான் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நேர்ச்சை செய்துகொண்டேன். தவக்காலத்தின் ஏழு வெள்ளிக்கிழமைகளிலும், ரோட்டோரத்தில் சிலுவை நிற்கும் குருசடியிலிருந்து கோவில் பீடம்வரை முட்டியாலேயே நடந்து வருவது. அதற்குக் கூலியாகக் கால் சரியாக வேண்டும். என் மனைவி லூர்துவிடம் சொன்னேன்.

"நோவுற முட்டியாலயே நடந்து, அந்த முட்டி நல்லாவணும்னு கேக்குறீங்க. சர்வேசுரனுக்கே சிரிப்பு வரும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம் இல்லாதவள் என்றேன். விநாச காலே விபரீத புத்தி என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஐந்தாவது வெள்ளியன்று கோவில் வாசற்படியில் விழுந்தேன். முழங்கால் வீக்கம் பக்கவாட்டில் உடைந்து, தயிர் திரிந்தது போன்ற சீழ் வேட்டியை நனைத்தது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. கூட்டத்தின் பின்னால் ஞானம்மா என்ற பெண்ணும் நின்றிருந்தாள். அவள் கண்ணை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பஸ்ஸில் அரைநாள் தூரத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா ஊசியால் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், எக்ஸ்ரே எடுத்தார். இதுவரை என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார். நேர்ச்சையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உபதேசியாரே, நானும் தினம் முட்டி போட்டுச் செபிக்கிறவதான். ஆனா இப்படி பேரம் பேசுனதில்ல."

மூட்டில் காசநோய் (எங்கள் பக்கத்தில் எலும்புருக்கி என்பார்கள்) என்றார். நெஞ்சில்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன். கிருமி ரத்தத்தின் வழியே எலும்புக்கும் போய்ச் சேருமாம். மூட்டின் உள்சவ்வை அரித்து, எலும்பின் முனைகளையும் தின்னத் தொடங்கியிருந்தது. நான் கல்தரையில் நடந்த ஒவ்வொரு வெள்ளியும் அதற்கு விருந்து வைத்த கணக்குத்தான்.

இடுப்பில் தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து), கூடவே மாத்திரை, வயிற்றைப் பிரட்டும் ஒரு தூள். சில வாரங்களுக்குப் பிறகு ஆர்த்ரோடெசிஸ் (கெட்டுப்போன மூட்டைச் சுத்தம் செய்து, தொடை எலும்பையும் கால் எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் அறுவை) செய்யலாம் என்றார்.

"வெட்டி எடுக்க வேண்டியதில்ல. காலு உங்களைத் தாங்கும். ஆனா இனிமே மடங்காது."

"முட்டி போட?"

"முடியாது."

அன்று அழுதேன். கால் பிழைத்ததே என்று நன்றி சொல்ல வேண்டியவன், முட்டி போட முடியாத உபதேசியாரை ஊரில் யார் மதிப்பார்கள் என்று அழுதேன். வெட்கமாக இருந்தாலும், என்னைப் போன்ற நோயாளிகள் படிக்க இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நமக்கு வரும் கண்ணீர் எல்லாம் பரிசுத்தமானதல்ல. அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அறுவைக்குப் பிறகு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டார்கள். பன்னிரண்டு வாரம் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் ஞாயிறுதோறும் பாடும் சத்தம் வார்டுக்குக் கேட்கும். அதைவைத்து வாரத்தைக் கணக்கிட்டேன். கட்டுக்குள் அரிக்கும். எதுவும் செய்ய முடியாது. பன்னிரண்டாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை, முகம் மழித்துக்கொண்டு மாப்பிள்ளை போலக் காத்திருந்தேன். லூர்து துணிமூட்டைகூடக் கட்டிவிட்டாள்.

டாக்டரம்மா வந்தார். "இன்னும் எட்டு வாரம்" என்றார்.

பன்னிரண்டு என்றுதானே சொன்னீர்கள் என்று சத்தம் போட்டேன். அந்த அம்மாள் போய்விடவில்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் காட்டினார். "இங்க பாருங்க, ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒரு கோடு தெரியுதில்ல? அது மறையணும். மறையாம பிரிச்சா நீங்க பட்டது எல்லாம் வீணாப்போகும். அதனாலதான்."

அந்த "அதனாலதான்" என்ற ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. படுத்துக் கண்ணை மூடினேன். ஞானம்மா வந்து நின்றாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் முத்து. பிழைக்காது என்றே நினைத்தோம். அவள் யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றிவிட்டு வந்தாள். குழந்தை பிழைத்தது. நான் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அந்தக் காலத்து வழக்கப்படி, மூன்று ஞாயிறு கோவில் வாசலில் முழந்தாளிட்டு நிற்க வேண்டும் என்று அவர் அபராதம் விதித்தார். அதை அவளுக்குச் சொல்லப் போனது நான்தான்.

"புள்ள பொழைச்சிக்கிச்சே உபதேசியாரே. அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்று அவள் கேட்டாள்.

பதில் தெரியாத கோபத்தில், அபராதம் ஐந்து ஞாயிறு என்றேன்.

சாமியார் சொன்னது மூன்று. மேலே இரண்டு என்னுடையது. அது எனக்கு மட்டுமே தெரியும். மூன்றாம் ஞாயிறு செபம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, அவள் வாசற்படியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் யாரோ மூன்றுதான் வழக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். "போதும், எழுந்திரு" என்ற வார்த்தைக்காக அவள் முகம் காத்திருந்தது. நான் அவளைத் தாண்டிக்கொண்டு போனேன். கூட்டிய இரண்டு வாரத்துக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் காரணமே இல்லை.

எட்டு வாரம் கூடியதற்கே, அதுவும் என் நன்மைக்காகக் கூடியதற்கே, நான் இப்படிக் குமுறினேன். அவள் குழந்தைக்காகப் பயந்து மாரியம்மனிடம் போனாள். நானோ என் பெருமைக்காக முட்டியால் நடந்தேன். எங்கள் இருவரில் சர்வேசுரனிடம் பேரம் பேசியது யார்? அந்த எட்டு வாரமும் எனக்கு வேறு செபம் வரவில்லை. இதைச் சரிசெய்யாமல் சாகக் கூடாது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

கட்டுப் பிரித்தபோது கால் முருங்கைக்காய் போல மெலிந்து நேராக இருந்தது. ஊன்றுகோலோடு புதிதாக நடக்கப் பழகினேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் என் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. "காலை மடக்கி வெச்சிக்கோ" என்றார் கண்டக்டர். மடங்காது என்றேன். எத்தனை பேரை மடக்கியவன் என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

அடுத்த முறை சாமியார் வந்தபோது நின்றபடியே பாவசங்கீர்த்தனம் (பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தேன். ஞானம்மாவுக்கு நான் கூட்டிய இரண்டு ஞாயிறையும் கேட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"என்னிடம் சொல்லிவிட்டீர். அவளிடம் எப்போது சொல்வீர்?"

"ஞாயிற்றுக்கிழமை சாமி. எல்லார் முன்னாடியும்."

"உமக்கு வேலை போகலாம்."

"போகட்டும் சாமி."

அந்த ஞாயிறு செபம் தொடங்குமுன் பீடத்தை மறிக்கும் கம்பி அளிக்கு முன்னால் நின்று சொன்னேன். சாமியார் கொடுத்தது மூன்று, நான் வாங்கியது ஐந்து, அந்த இரண்டையும் ஞானம்மாவிடமிருந்து திருடினேன், அந்த அம்மா என்னை மன்னிக்க வேண்டும். மன்னித்தாலும் இல்லாவிட்டாலும் நான் ஐந்து ஞாயிறு வாசலில் இருப்பேன் என்றும் சொன்னேன். ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஞானம்மா தன் கையிலிருந்த செபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குப் போனேன். முட்டி போட முடியாது. லூர்து தோளைப் பிடித்துக்கொள்ள, தரையில் இறங்கி உட்கார்ந்தேன். கால் நேராகப் பீடத்தைப் பார்த்து நீண்டது. பீடத்துக்கு நேரே காலை நீட்டுவதா என்று நான் எத்தனை பிள்ளைகளைத் தட்டியிருக்கிறேன். உடம்பைத் திருப்பி, காலை வெளிப்பக்கம் போட்டு, தலையை மட்டும் பீடத்தின் பக்கம் வைத்துக்கொண்டேன். கழுத்து வலித்தது. உள்ளே போகிறவர்கள் காலைச் சுற்றிப் போனார்கள். சிலர் தாண்டியே போனார்கள்.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. ஞானம்மா உள்ளே போனாள், வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. செபத்துக்கு ஒரு பதிலும் கூலியும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்திருப்பதை அந்த வாசலில்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு செபம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு ஒரு நிழல் என்மேல் விழுந்தது. ஞானம்மா. சுவரில் சாய்த்திருந்த என் ஊன்றுகோலை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"மூணு ஆச்சி" என்றாள். "போதும், எந்திரிங்க."

"அஞ்சுன்னு சொன்னேன்மா. இன்னும் ரெண்டு இருக்குது."

"சாமி சொன்னது மூணுதானே? கூட ரெண்டு போடறதுக்கு நீங்க யாரு?"

அவள் குரலில் கோபம் இருந்தது. அதே சமயம் கோலையும் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பிடித்தேன். மறுமுனையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். நான் முழுதாக நிமிரும்வரை பிடித்திருந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள்தான். வலி நின்றவுடன் மருந்தை நிறுத்தாதீர்கள். எனக்கு நாலாம் மாதமே வலி போய்விட்டது, ஆனாலும் ஒன்றரை வருடம் தூளும் மாத்திரையும் விழுங்கினேன். வாந்தி வந்த நாட்களில் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி விழுங்கினேன். செபமும் செய்யுங்கள். ஆனால் டாக்டரிடம் போகாமலிருக்கச் செபத்தைச் சாக்காக்காதீர்கள்.

உபதேசியார் வேலை வேறொருவருக்குப் போனது. நல்லவர், குதிகாலில் உட்காருகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. வாசல் அபராதமும் ஓசையில்லாமல் நின்றுபோனது. நான் கடைசி வரிசையில் காலை வெளிப்பக்கம் நீட்டி உட்காருகிறேன். முன்பெல்லாம் நொடியில் விழுந்து நொடியில் எழுவேன். இப்போது கீழே இறங்க செபமாலையின் ஒரு மணிக்கான அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் ஆகிறது. எழுவதற்கு அதற்கும் மேல். அருகில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் கோலின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதுதான் என் செபம் தொடங்குகிறது.