பசையாரின் மூக்கு ஒட்டிக்கொள்ளப் பார்த்த கதை

உலகில் பிரிந்து கிடப்பவற்றை எல்லாம் ஒட்டிவைப்பதே தம் பிறவிப் பயன் என்று பசையார் நம்பியிருந்தார். மரப்பசைக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவர். கடை கடையாக ஏறி, உடைந்த நாற்காலிக் காலை நாலு பேர் முன்னிலையில் ஒட்டிக் காட்டுவார். பிறகு விரலை உயர்த்தி உபதேசத்தைத் தொடங்குவார்: “ஒட்டினதை நோண்டாதீங்க. தண்ணி படவே கூடாது. தானா இறுகட்டும்.”

இப்பேர்ப்பட்டவரின் மூக்குக்குள் சதை வளர்ந்து, வாசனை என்பதே அற்றுப்போயிருந்தது. ரோஜாவும் குப்பைத்தொட்டியும் அவருக்கு ஒன்றுதான். முற்றும் துறந்தவர்களுக்கே வாய்க்கிற சமநிலை! அவர் மனைவிக்கு அந்தச் சமநிலை பிடிக்கவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து புகைய, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் செய்தித்தாள் படித்த அன்று, மூக்கு டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள்.

குழாய்க் கேமராவை உள்ளே விட்டுச் சதையை அகற்றிய டாக்டரம்மா, வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: “சார், உள்ள ரெண்டு சுவரும் பச்சைப் புண்ணு. எதிரெதிரா இருக்கு. சளியும் ரத்தமும் காஞ்சா ரெண்டும் ஒட்டிக்கும். அப்புறம் வாசனையும் வராது, மூச்சும் வராது. உப்புத் தண்ணி விட்டுத் தினமும் கழுவுங்க.”

பசையார் பணிவாகத் தலையாட்டினார். ஆனால் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! ஆறுகிற இடத்தில் தண்ணீர் ஊற்றுவதா? வேளை தவறாமல் குளியலறைக்குள் போனார். மனைவி காய்ச்சி ஆறவைத்துக் கலந்து கொடுத்த உப்புநீரை மரியாதையோடு கைகழுவும் தொட்டியில் கொட்டினார். கொரகொரவென்று தொண்டையால் ஒரு கச்சேரி செய்துவிட்டு வெளியே வந்தார்.

“நல்லாக் கழுவினீங்களா?”

“பளிங்கு மாதிரி இருக்கு.”

அடுத்த வாரம் பளிங்கு டாக்டரம்மாவின் திரையில் பெரிதாகத் தெரிந்தது. எங்கும் பொருக்கு. அதை உறிஞ்சி எடுத்ததும், இரண்டு சுவர்களுக்கும் நடுவே வெள்ளையாய் ஒரு மெல்லிய பாலம்.

பசையாரின் கண்கள் மின்னின. “நல்லாப் பிடிச்சிருக்கே டாக்டர்! இழுத்துப் பாத்தீங்களா?”

மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

“ஏங்க, கழுவினீங்களா இல்லையா?”

“இறுகட்டும்னு விட்டேன்...”

“நாற்காலியா அது? மூக்குங்க! மூக்கு!”

டாக்டரம்மா சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கிக்கொண்டார். “இப்பத்தான் கட்ட ஆரம்பிச்சிருக்கு, அதனால பிழைச்சீங்க. கெட்டியாகியிருந்தா திரும்ப மேஜையில படுக்கணும்.” மரத்துப்போக மருந்து தெளித்து, பாலத்தை வெட்டிவிட்டு, இரண்டு சுவரும் தொடாதபடி நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகினார்.

அன்றுமுதல் குளியலறைக் கதவு தாழிடப்படவில்லை. வாசலில் இடுப்பில் கைவைத்து மனைவி நின்றாள்.

“குனிங்க. வாயைத் திறங்க. ம், அமுக்குங்க குப்பியை!”

ஒரு துளை வழியே போன தண்ணீர் மறு துளை வழியே அருவியாய் இறங்க, பசையார் யானைபோல் பிளிறினார். அக்கம்பக்கத்தில் யாரோ நீச்சல் பழகுவதாகப் பேச்சு. கறுப்புப் பொருக்கு ஒன்று தொட்டியில் விழுந்தபோது மட்டும், வாழ்நாளில் முதல்முறையாக, ஒன்று ஒட்டாமல் போனதற்காக மகிழ்ந்தார்.

தகட்டை எடுக்கிற நாள் வந்தது. எடுத்ததும் டாக்டரம்மா கேமராவை விட்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“வழி நல்லாத் திறந்திருக்கு சார். ஒட்டல. மெதுவா மூச்சு இழுங்க.”

இழுத்தார். முகம் கோணியது. திரும்பி மனைவியின் தோள்பக்கம் குனிந்து இன்னொரு முறை இழுத்தார்.

“ஏம்மா, சோப்பு மாத்திட்டியா?”

“மாத்தி நாலு வருஷம் ஆச்சுங்க!”

“நல்லா இருக்கே!”

“ஐயோ, டாக்டர் முன்னாடி...” என்று தள்ளினாள். ஆனால் நகரவில்லை.

திரும்பும்போது பசையார் லிப்டில் ஏற மறுத்துவிட்டார். மாடிக்கு மாடி வேறு வேறு வாசனையாம். ஒன்றில் புதுப் பெயிண்ட், ஒன்றில் யாரோ உரித்த ஆரஞ்சு, இன்னொன்றில் எவருடையதோ ஈரக் காலுறை. அந்தக் காலுறைக்குத்தான் கண்ணை மூடி அதிக நேரம் நின்றார்.