பின்வாசல் இல்லாத வீடுகள்

போன மாதம் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். நாலாவது மாடி. புரோக்கர் ஹாலைக் காட்டினார், பால்கனியைக் காட்டினார், பக்கத்து பில்டிங்கின் முதுகை 'வியூ' என்று காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பின்வாசல் எங்கே?" என்றேன்.

"சார், நாலாவது மாடில பின்வாசல் வெச்சா நேரா கீழதான் சார் போகணும்."

நியாயம்தான். ஆனால் எனக்கு இந்த வியாதி பெங்களூர் நீலசந்திராவில் தொற்றியது. இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ரெடிமேட் துணி கோடவுனில் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஒரே ஓர் ஆள், அவரும் முதலாளியின் மச்சான். யார் யாரை மேற்பார்த்தோம் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சில வீடுகள். முன்னால் சந்து. பின்சுவரை ஒட்டி மோரி. பெரிய சாக்கடைக்கு பெங்களூரில் எங்களுக்கு அதுதான் பெயர். அதன் வாசனையை வர்ணிக்கப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவராக இருக்கலாம். அந்த வாசனையையும் அடக்கி உட்காரவைத்தது ஒன்றுதான்: பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா சுடும் கருவாடு.

அவர்கள் கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்காரர்கள். கணவர் செல்வராசு சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் வெட்டினார். குடிவந்த அன்று அக்கா சாமானை இறக்கவிடாமல் வீட்டுக்குள் ஒரு நடை போய்வந்து, ஓனரிடம் கேட்டார்: "பின்னால கதவு எங்க?"

"பின்னாடி மோரிம்மா. கதவ வெச்சு யாரக் கூப்பிடப் போற?"

"கூப்பிட இல்லீங்க. அனுப்பறதுக்கு."

ஓனருக்குப் புரியவில்லை. எனக்கும் அக்கா அப்புறம்தான் விளக்கிச் சொன்னார். அவருடைய தாத்தா காலத்துப் புயலில் கடல் ஊருக்குள் வந்ததாம். ஒரே வாசல் வைத்த வீடுகளில் புகுந்த தண்ணீர், போக வழியில்லாமல் சுவரைத் தள்ளி ஆட்கள்மேல் போட்டது. இரண்டு வாசல் வீடுகளில் சட்டி பானை போயிற்று, ஆள் பிழைத்தது. அன்றிலிருந்து அந்தக் குப்பத்தில் வீடு கட்டினால் பின்வாசல் நிலைக்குத்தான் முதல் மஞ்சள், முதல் படையல். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்வாசலைப் பார்ப்பார்களாம். என் வீட்டுக்கு வந்திருந்தால் இரண்டுமே தேறியிருக்காது.

ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகளை முன்வாசலில் புகுந்து பின்வாசலில் வெளியேற ஓடவிடுவார்கள். யார் யாரை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்று முன்கூட்டியே பெயர் சொல்லிவிடுவார்கள். விளையாட்டு மாதிரிதான் இருக்கும்.

அக்கா அதை எங்கள் லைனிலும் நடத்தினார். கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பின்சுவரில் கரியால் கோடு போட்டார். பிள்ளைகள் ஓடிப்போய் அந்தச் சுவரில் ஓங்கி அறைந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வேறு எங்கே போவது?

கடைசி வீட்டுச் சின்னப்பன் ஐயா நாற்காலியில் இருந்தபடி வேடிக்கை பார்த்தார். மில்லில் ரிட்டையரானவர், தனி ஆள், பெரிய உடம்பு, முட்டிவலி.

"என்ன யாரும்மா தூக்குவா? கிரேனுக்குச் சொல்லியாச்சா?"

"உங்கள எங்க ஊட்டுக்காரரு தூக்கிக்குவாரு."

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நான் யாரைத் தூக்கணும்கா?" என்றேன்.

"நீயா? உன்ன எங்க கலா இழுத்துக்குவா, தம்பி."

அக்காவின் மகள் கலா பள்ளிக்கூடப் பாவாடையில் நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் அளந்து, சுமக்கக்கூடிய சாமான்தான் என்பதுபோல் தலையசைத்தாள். ஐயா நாற்காலி ஆடச் சிரித்தார்.

அந்த ஐப்பசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் மழை பிடித்தது. சந்துத் தண்ணீர் மோரியில் இறங்கும் மதகு குப்பையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் வீடுகளை நோக்கித் திரும்பியது. படித்தவன் செய்வதை நானும் செய்தேன்: கதவைத் தாழிட்டு, மெத்தையைச் சுருட்டி இடுக்கில் அடைத்து, ரேடியோவைக் கட்டிக்கொண்டு கட்டில்மேல் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம். அக்கா கரிக்கோட்டுக்குள் இடித்துக்கொண்டிருந்தார்.

என் கதவில் உதை விழுந்தது. "மாமா, தாப்பாளத் தொற."

திறந்தேன். தண்ணீரும் கலாவும் சேர்ந்து உள்ளே வந்தார்கள்.

"ரேடியோவ வுடு. கையக் குடு."

மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், நாலு நாளைக்குக் கன்றிப்போயிருந்தது. அக்கா வீட்டு முன்வாசலில் புகுந்து பின்சுவர் ஓட்டையில் வெளியேறி, மோரியின் கட்டைச்சுவரைப் பிடித்து மேட்டு ரோட்டுக்கு ஏறினோம். அந்த வீட்டுக்குள் தண்ணீர் முட்டிக்கு மேல் நிற்கவில்லை, வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பெயர் சொல்லப்பட்ட பிள்ளைகள் எல்லாம் பெயர் சொல்லப்பட்டவர்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஐயாவை இழுக்க வேண்டியவர் மட்டும் சிவாஜிநகரில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். அக்கா கடப்பாரையோடு கடைசி வீட்டுக்கு ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "ஐயா, ஐயா" என்று அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பின்சுவர் மோரிப் பக்கமாகச் சரிய, கூரை ஐயாமேல் இறங்கியது.

மழை விட்டபிறகு செல்வராசு வந்தார். கையில் ஐயாவுக்கென்று எடுத்துவைத்த மத்திப் பொட்டலம். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். அக்கா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆளு இல்லாத நேரத்துக்கு ரெண்டாவது பேரு ஒண்ணு சொல்லணும். ஊர்ல சொல்லுவோம். இங்க யாரு கெடக்கான்னு வுட்டுட்டேன்."

அக்கா போட்ட ஓட்டையால்தான் ஐயாவின் சுவர் விழுந்தது என்றார் ஓனர். அக்கா வீடு ஒரு முனை, ஐயா வீடு மறு முனை. அதை எடுத்துச் சொல்லப் போன என்னையும் சேர்த்துக் காலி செய்யச் சொன்னார். அக்கா குடும்பத்தார் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் 2004 டிசம்பரில் கடல் வந்தது. சில வருஷம் கழித்து, கலாவின் கல்யாணத்துக்குத்தான் நான் அங்கே போனேன். குப்பம் இருந்த இடத்தில் மணல். அன்றைக்கு அக்கா வீட்டில் எல்லோரும் பின்வாசல் வழியாகத் தப்பியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக் கிழவியின் மகன் கடலுக்குள் போயிருந்தான். கிழவிக்கு இரண்டாவது பெயர் செல்வராசு. அவர் திரும்பி ஓடியிருக்கிறார். கிழவியும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

புதுக் காலனி கடலைவிட்டுத் தள்ளி இருந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய கான்கிரீட் வீடுகள். அக்கா வீட்டுக்குள் போனதும் என் கண் பின்சுவருக்குப் போனது. ஒரு காலண்டர் தொங்கியது.

"கேட்டோம் தம்பி. ஒரு வாசல்தான் பாதுகாப்புன்னுட்டாங்க."

"ஐப்பசி ஓட்டம்?"

"வூட்ட குலுக்கல்ல குடுத்தாங்க. அந்தப் பக்கம் ஒரு குப்பம், இந்தப் பக்கம் ஒரு குப்பம். யாரு பேரோட யாரு பேரச் சொல்றது?"

கிளம்பும்போது கல்யாணப் புடவையோடு கலா பஸ் ஸ்டாப்வரை வந்தாள். பஸ் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து, கூட்டத்தைப் பிளந்து, படியில் ஏற்றிவிட்டாள். அதே பிடிதான்.

நீலசந்திராவில் எங்கள் லைனும் இப்போது இல்லை. மோரிமேல் சிமென்ட் பலகை போட்டு, பக்கத்தில் அபார்ட்மென்ட் எழுப்பியிருக்கிறார்கள். கார் நிறுத்த பூமிக்குக் கீழே ஒரு தளம். இறங்கவும் ஏறவும் ஒரே வழி. புரோக்கர் எனக்குக் காட்டிய நாலாவது மாடி அங்கேதான்.

எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்களுக்குத் தொல்லையே இருக்காது சார்," என்றார். "இங்க யாருக்கும் யாரையும் தெரியாது."