தெலுங்கு மறந்தவள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை வேளையில், வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது. வலது கை தொங்கிவிட்டது. வாய் கோணிவிட்டது. ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்; வீட்டில் பேசுவது தமிழ். பெங்களூரில் வேலை செய்யும் மகனுக்குப் போன் போட்டேன்.

"பெரியாஸ்பத்திரி வேணாம் நைனா. அங்க ஒரு கட்டில்ல ரெண்டு பேரப் போடுவாங்கோ. பிரைவேட்டுக்கே இட்டுகினு போ, நான் பாத்துக்கறேன்" என்றான்.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவு. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் கீழே ஏசி போட்ட கூடத்தில் ஒரு நாற்காலி. யாரும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் மண்டல ஆபீஸ், ரேஷன், பேங்க் என்று தெலுங்கு பேச வேண்டிய இடத்திலெல்லாம் எங்களுக்காகப் பேசியவள் அவள்தான். எனக்குப் புரியும், வாய் வராது. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். கேட்க நினைத்தது எல்லாம் நாற்காலிக்குத் திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மகன் இரண்டு நாள் கூட இருந்துவிட்டுப் போனான். நான்காம் நாள், பேசினால் அவளுக்குப் புரியவில்லை, இனி புரியாமலே போகலாம் என்றார்கள். ஏழாம் நாள் மகன் போனில் அழுதான். இதற்கு மேல் பணம் கட்ட அவனால் முடியவில்லை. எங்கள் அரசு காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. எனக்கு அவன் மேல் கோபமில்லை என்று சொன்னேன். அன்றே பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினோம்.

அவன் பயந்ததுபோல இல்லை. அவளுக்குத் தனிக் கட்டில் கிடைத்தது. ஆனால் அது பெண்கள் வார்டு. பார்வை நேரம் தவிர ஆண்கள் உள்ளே போகக் கூடாது. வராந்தாவில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, இவளையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் பத்து மணி இருக்கும். அந்தப் பெண் வெளியே வந்தாள்.

"அண்ணா, அண்ணி பேசறாங்கோ" என்றாள். "நர்சம்மா தெலுங்குல கேட்டா முழிக்கிறாங்கோ. நான் கஞ்சி ஊட்டிக்கினே, இன்னும் துன்றியா அண்ணின்னு கேட்டேன். உப்பு இல்லன்னாங்கோ."

அந்த வார்டின் இளம் டாக்டர் வந்து பார்த்தார். தெரிந்த இரண்டு மொழியில் ஒன்று மட்டும் போய்விடுவது உண்டு என்றார்.

அன்று மகனிடம் குறை சொன்னேன். அவ்வளவு பெரிய இடத்தில் ஒருவர்கூட அவளிடம் தமிழில் கேட்டுப் பார்க்கவில்லையே என்று. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஏழு நாள், நாளுக்கு இரண்டு தடவை நான் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மிஷின்களைப் பார்த்துக்கொண்டு, நர்சு என்ன நினைப்பாளோ என்று கூச்சப்பட்டுக்கொண்டு, வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதை மகனிடம் இதுவரை சொன்னதில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். கோல் ஊன்றி நடக்கிறாள். தமிழிலும் சில சொற்கள்தான். தெலுங்கு திரும்பவேயில்லை. அக்கம்பக்கத்துத் தெலுங்குக்காரப் பெண்கள், அவள் சிநேகிதிகள், முதலில் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசப் பேச இவள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மெல்ல மெல்ல அவர்கள் வருவது நின்றுபோனது.

சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். மோட்டார் ஓடவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று. சில நாள் பதில் வரும். பல நாள் வராது.