சோம்பேறி ஈக்கள் என்றொரு பழி

ஈக்காரம்மா வீட்டில் ஈ வளர்க்கிறாள், அதற்குப் பால் ஊற்றுகிறாள், ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்திருக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு. தீர விசாரித்ததில் ஈ வளர்ப்பது மட்டும் உண்மை. அதுவும் வீட்டில் இல்லை. விதை ஆராய்ச்சிக் கூடத்தில், மாதச் சம்பளத்துக்கு. பால் கிடையாது, கத்திரிச் செடிதான். பெயர் வைக்க அவளுக்கு ஆசைதான். பத்தாயிரம் பேருக்கு யார் உட்கார்ந்து பெயர் தேடுவது?

வலைக்கூண்டுக்குள் நொய்யரிசியில் பாதி அளவு வெள்ளை ஈக்கள். கூண்டைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இழுத்தால் நாலைந்து உள்ளே போய்விடும். புருஷன் சாப்பிட்டானா என்று கேட்க மறப்பாள், ஈக்களை மறக்கமாட்டாள். இது புருஷன் தந்த தகவல்.

கூடத்தில் ஒரு காட்டுத் தக்காளிக்கும் தோட்டத்துத் தக்காளிக்கும் சம்பந்தம் முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கரடுமுரடு. இலையெல்லாம் பிசுபிசுப்பான முடி. பூச்சி உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். பெண்ணோ நல்ல நிறம், நல்ல ருசி, எந்தப் பூச்சி வந்தாலும் வாங்க உட்காருங்க என்கிற சுபாவம். பிறந்த பிள்ளைக்கு அப்பன் முடி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஈக்கள்.

அவிழ்த்துவிட்டாள். மூன்று வாரமாகியும் பிள்ளைச் செடிகள் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மேலதிகாரி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணத் தக்காளிகள், அவற்றுக்குப் போகும் தண்ணீர்க்குழாய் மட்டும் அடைத்துக்கொண்டதில் முதல் வாரமே காய்ந்துபோயிருந்தன. அப்படியானால் செடி கெட்டியா, ஈ மட்டமா என்று எப்படிச் சொல்வது? கத்திரியிலேயே செல்லமாக வளர்ந்தவை, தக்காளி பக்கம் போகாத சோம்பேறிகளாக இருக்கலாம். அப்படியென்றால் ஈ அறையை மூடிவிடலாம் என்றார்.

அறையை மூடினால் வேலை போகும். அது அவளுக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. முதலில் சுட்டது அந்த 'சோம்பேறி'.

"சார், என் ஈங்களைப் பத்தி வேற என்ன வேணா சொல்லுங்க. பசி இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

நிரூபிக்க மூன்று வாரம் கொடுத்தார். விதை போட்டு வளர்க்க நேரமில்லை. தயாராக ஒரு சாதாரணத் தக்காளிச் செடி வேண்டும். அது மாடிவீட்டுத் தையல்காரரிடம் இருந்தது. பழைய பெயின்ட் வாளியில் ஒரே செடி, அதில் ஏழு காய். ஆராய்ச்சிக்கு மூன்று வாரம் கொடுங்கள் என்று கேட்டாள். என்ன ஆராய்ச்சி என்பதைச் சொல்லவில்லை. தன் செடி படித்தவர்கள் நடுவே போகிறது என்று அவர் வாளியைத் துடைத்துக் கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் செடியில் மஞ்சளைத் தவிர வேறு நிறமில்லை. இலையைத் தட்டினால் ஈக்கள் புகைமாதிரி எழும்பின. அதே கூண்டில் பிள்ளைச் செடிகள் பச்சையாக நின்றன. மேலதிகாரி குனிந்து பார்த்தார், தும்மினார், கையெழுத்துப் போட்டார். அறை பிழைத்தது. அவள் கூண்டு வலையில் மூக்கை வைத்து, "நல்லா சாப்பிட்டீங்கடா கண்ணுங்களா" என்றாள்.

பிறகுதான் வாளியோடு மாடிப்படி ஏற வேண்டியிருந்தது.

தையல்காரர் வாளியில் மிஞ்சியிருந்த குச்சியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நஷ்டத்துக்கு ஈடாகப் பூச்சி அண்டாத பிள்ளைச் செடி ஒன்றை, கூடத்தில் அனுமதி வாங்கிக் கொண்டுவந்து வைத்தாள். அது செழித்தது. வெட்டுத்துணிப் பிசிறும் நூலும் பறந்து வந்து இலைமுடியில் ஒட்டிக்கொண்டதில் செடியே ஸ்வெட்டர் போட்டதுபோல ஆனது. காய்த்தது கோலிகுண்டைவிடச் சின்னதாக, பச்சையாக. ஒன்றைக் கடித்தவர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே தள்ளிவைத்தார்.

"பூச்சி தொடலைம்மா, ஒத்துக்கறேன். நானும் தொடலையே."

"அப்பன் குணம் அண்ணே. திரும்பத் திரும்ப அம்மா பக்கத்துலயே கட்டிக் குடுத்தா ருசி வந்துடும்."

"எத்தனை தலைமுறை?"

"ஒரு ஆறு."

அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார். தனக்கு இந்தத் தலைமுறையிலேயே வேண்டும் என்றார். அவர் கணக்கில் பாக்கி ஒரு செடி, ஏழு பழம். வாளி திரும்பி வந்துவிட்டதால் அதை விட்டுவிடலாம்.

கூடத்தில் இப்போது நடப்பது மூன்றாம் தலைமுறை. பழம் லேசாகச் சிவந்திருக்கிறதாம்.