செம்புச் சன்னமும் மகளின் பங்கும்

எங்கள் வீட்டில் சந்தேகப்படுகிற வேலை என்னுடையது. மொன்றியலில் எங்கள் தெருமுனை டெபனரில் வாங்கும் பால் பையின் திகதியைக் கடையிலும் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து இன்னொரு முறையும் பார்ப்பேன். ஆகவே, "இனி ஈயம் இல்லை. துவக்குக்குச் செம்புச் சன்னம், அதுதான் குண்டு, வாங்கி நானே ரவை செய்யப் போறன்" என்று என் கணவர் அறிவித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவரை அப்படிச் சொல்ல வைத்தவள் மகள். கர்க்லாண்டில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் என் கணவர் வேட்டையில் சுட்டுக் கொண்டுவந்த மூஸ் மான் இறைச்சியில் ஒரு துண்டை எடுத்துப் போய், பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சதைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். மக்னம் துவக்கிலிருந்து அந்த வேகத்தில் போகிற ஈயம் எலும்பில் பட்டால் பொடியாகச் சிதறி இறைச்சிக்குள் பரவிவிடுமாம். அவள் அப்போது ஒரு குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். படத்தை அப்பாவிடம் நீட்டி, "எனக்கு இனிப் பங்கு வேண்டாம் அப்பா" என்று சொல்லிவிட்டாள்.

ஆடு அடித்தாலும் மூஸ் விழுந்தாலும் எங்கள் ஆட்கள் கூடியிருந்து பங்கு போடுவார்கள். அதில் ஒருவர் தன் பங்கை வேண்டாம் என்றால் உறவு முறிந்த மாதிரி. மகளுக்கென்று கட்டிய பொதி பிறீசரின் அடியில் மாதக்கணக்காகக் கிடந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகம் கறுக்கும். கடைசியில் நான்தான் அதைக் குப்பையில் போட்டேன். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு நிலவறையில் மேசை போட்டார். சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகளைக் கழுவிக் காயவைத்து, வெடிமருந்தைச் சின்னத் தராசில் நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை வைத்து அழுத்துவார். செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே நிறைக்குச் சன்னம் நீளம், கோதுக்குள் மருந்துக்கு இடம் குறைவு, பழைய கணக்கு சரிவராது என்று எனக்கு வகுப்பு எடுத்தார். புத்தகத்தில் செம்புக்கென்று போட்டிருந்த குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நான் படியில் நின்று, அவர் பாத்திரம் கழுவும் இலட்சணத்தை நினைத்துக்கொண்டு, அந்தத் தராசைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன்.

மொன்றியல் தீவுக்கு வெளியே உள்ள சுடுகளத்தில் போய்ச் சுட்டுப் பார்ப்பார். திரும்பியதும் முதல் வேலையாக இலக்குத் தாளை வாங்கி விரிப்பேன். தெறித்த கடுகுபோல அங்கொன்று இங்கொன்றாக ஓட்டைகள்.

"குழலுக்குள்ள பழைய சன்னத்தின்ர ஊத்தை இருக்கப்பா" என்றார். அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அடுத்த தாள் கொஞ்சம் பரவாயில்லை. "சன்னத்தை இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வைக்க வேணும்" என்றார். எனக்கு எல்லாம் தப்பிக்கச் சொல்லும் சாட்டாகத்தான் பட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த தாளில் ஓட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு டொலர் நாணயக் குற்றியால் மூடலாம்.

"கிட்டப் போய் நிண்டு சுட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த முறை என்னையும் கூட்டிப் போய், தொலைநோக்கியைக் கையில் தந்து, என் கண் முன்னாலேயே அப்படிச் சுட்டுக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனம் மூடவில்லை. தாள் வேறு, மூஸ் வேறு. காட்டுக்குள் அந்தப் பெரிய மிருகம் எதிரே வந்து நின்றால், இத்தனை வருடம் கைகொடுத்த ஈயத்தை விட்டு இந்தப் புதுச் செம்பையா எடுப்பார்? மகளுக்கோ அதற்குள் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அவருடைய பெட்டியில் இன்னும் பழைய ஈய ரவைகள் இருந்தன. அவர் வேட்டைக்குப் போகும் வாரத்தில், அவர் துவக்கு வைத்துப் பூட்டும் அலுமாரியைத் திறந்து, அந்தப் பெட்டி மூடியின் ஓரத்தில் தெரியாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தேன்.

மூஸோடு திரும்பினார். "எந்த ரவையால சுட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"செம்பு. ஒரே வெடி." சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் குளிக்கப் போனதும் அலுமாரியைத் திறந்தேன். டேப் கிழிந்திருந்தது. பெட்டி வெறுமை.

பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லி நஞ்சைக் கொடுக்கப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டால் ஒரு கதை விடுவார் என்று கேட்கவில்லை. காயத்துக்குக் கிட்ட இருந்த சதையில் ஒரு துண்டை வெட்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, நாங்கள் இருக்கும் கார்ட்டியர்வில்லிலிருந்து பஸ் மாறி மாறிக் கர்க்லாண்டுக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர் டப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார். நானும் அவரை ஒரு மாதிரிப் பார்த்தேன்.

மகள் டப்பாவைக் கண்டதுமே சிரித்துவிட்டாள். "அம்மா, அப்பா நேற்றே ஒரு துண்டு கொண்டந்திட்டார்."

கணினியில் படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறச் சதை. ஒரு பொட்டுக்கூட இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பி ரின்னை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே ஈயச் சன்னங்கள்.

"வேட்டைக்குப் போக முதலே எல்லா ரவையையும் கழட்டிப்போட்டாராம். அங்க போய் மனம் மாறி ஈயத்தை எடுத்திடுவன் எண்டு அவருக்கே பயமாம். அம்மாட்டைச் சொல்லாதை, அவ சிரிப்பா எண்டவர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரை அவரைவிட நான்தான் நன்றாகச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகளும் மருமகனும் வந்தார்கள். இறைச்சியைச் சரக்குத்தூள் தூக்கலாகப் போட்டுப் பிரட்டியிருந்தேன். மகள் முதல் துண்டை வாயில் வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும்தான்.

"என்ன, ரெண்டு பேரும் என்ர வாயைப் பாக்கிறியள்? சாப்பிடுங்கோ" என்றாள்.

போகிற நேரம், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று கேட்டாள்: "அப்பா, என்ர பங்கு எங்க?"

அவர் போய் பிறீசரைத் திறந்து, உள்ளே தலையை விட்டுக் குனிந்தபடி நெடுநேரம் தேடினார். பொதி மேலேதான் இருந்தது.