மூட்டையின் பின்னால் நடந்தவர்

சம்பா நெல் ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நின்ற காலை. செல்வராணியின் கணவர் போன் செய்தார். "ராணி போயிட்டா சார். நெஞ்சு வலின்னு சொன்னா. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள…"

செல்வராணி எங்கள் அரிசி ஆலையில் ஆறு வருடம் உற்பத்தி மேற்பார்வையாளர். நான் மேலாளர். அவர் சென்னைப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சேர்ந்த முதல் நாள் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. வாசலில் இறங்கிய ஒரு நெல் மூட்டைக்குச் சாக்பீஸால் அடையாளம் போட்டு, அது போன இடமெல்லாம் பின்னாலேயே நடந்தார். அவிக்கப் போவதற்குள் அதை ஏழு முறை தூக்கி இறக்கியிருந்தோம்.

"ஏழு தடவை தூக்கியிருக்கோம் சார். அதுல ஒரு தடவையாவது நெல்லு அரிசியாச்சா?" என்று கேட்டார். மறுவாரமே மூட்டை தூக்குபவர்கள் சொன்ன யோசனைப்படி அடுக்கும் இடத்தை மாற்றினோம். ஏழு, மூன்றாகக் குறைந்தது.

அவரோடு வேலை பார்த்த பலருக்கு அவருடைய கோபமும் தெரியும். பேக்கிங்கில் இருக்கும் அஞ்சலை, அரிசியில் கருத்த மணிகள் தெரிந்ததும் ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். லாரி காத்திருந்ததால் எல்லோர் முன்பும் அஞ்சலையைத் திட்டினேன். செல்வராணி என்னைத் தனியே அழைத்தார். "இன்னிக்கு நிறுத்துனதுக்குத் திட்டுனா, நாளைக்குப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடுவாங்க சார்." பிறகு பார்த்தால், கருத்த மணிகளைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் இயந்திரத்தில் குழாய் கசிந்திருந்தது. அன்று மாலை அஞ்சலையிடம் வருத்தம் தெரிவித்தேன்.

இப்படித் தூக்கும் வேலை சுருங்கியதும், மூட்டை தூக்குபவர்களில் ஐந்து பேரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி. நான் வாய் திறக்கவில்லை. செல்வராணி எழுந்து நின்றார். "அவங்க சொன்ன யோசனையிலதான் வேலை குறைஞ்சது. அவங்களையே அனுப்பிட்டா அப்புறம் இங்க யார் யோசனை சொல்லுவாங்க? அனுப்பறதா இருந்தா என் பேரையும் சேர்த்துக்குங்க." முதலாளி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஐவரும் சிறு பைகள் கட்டும் புதிய பிரிவுக்கு மாறினார்கள். இன்றும் இருக்கிறார்கள். அன்று நான் ஏன் பேசவில்லை என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஷிப்ட் முடியும்போது ஒவ்வொருவரிடமும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு எது சிரமமா இருந்துச்சு?" அப்படிக் கேட்டவர் தன் நெஞ்சு வலியை இரண்டு வாரமாக வீட்டில்கூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் போன பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கத் தொடங்கினேன். முதல் வாரம் எல்லோரும் "ஒண்ணுமில்ல சார்" என்று நகர்ந்தார்கள். நேற்று பாய்லர் பார்க்கும் ராஜேந்திரன் தயங்கி நின்றார். "ஏணியில ரெண்டாவது படி ஆடுது சார்."

அவரோடு போய் அந்தப் படியில் கால் வைத்துப் பார்த்தேன். ஆடியது.