பூசைக்குப் போன சாவி

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கோட்டை மதில் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது தனகோட்டியின் டயர் கடை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடங்களாக டயர் கழற்றி மாட்டியதில் வலது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும். ஆறு வருடங்களுக்கு முன் லாரி டயர் ஒன்று வெடித்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று யார் பேசினாலும் சிரித்தே சமாளிப்பார். மனைவி மணிமொழி திட்ட நினைத்தால் வலது பக்கம் வந்து நின்று திட்டுவாள்.

இப்படிச் சிரித்தே பழகிய மனிதர் ஆயுத பூசை அன்று மட்டும் யாரோடும் பேச மாட்டார்.

அவருடைய அப்பா பஸ் நிலையத்தருகே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆயுத பூசைக்குப் பதினெட்டு சைக்கிள்களையும் கழுவித் துடைத்து, நட்டு திருகும் பானாக்களையும் காற்றடிக்கும் பம்பையும் பலகையில் பரப்பினால், தங்கை ரஞ்சிதம்தான் சந்தனம் வைப்பாள். பம்புக்கும் கை இருக்கிறதே என்று தன் கண்ணாடி வளையலைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டவள் அவள். பலகையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. மறுநாளும் அவள் எடுத்து நீட்டினால்தான் அப்பா வாங்குவார். மகள் கையால் வைத்தது மகள் கையால்தான் திரும்பி வர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அப்பா இறந்தார். தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட ரஞ்சிதம் வந்த பஸ் வழியில் நெரிசலில் நின்றுவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊர்க்காரர்கள் அவசரப்படுத்த, தனகோட்டி உடலை எடுக்கச் சொல்லிவிட்டார். அரைமணி நேரம் கழித்து வந்த தங்கை, வாசலில் சிதறிக் கிடந்த பூக்களைத்தான் பார்த்தாள்.

“நைனா மொகத்த ஒரு தரம் பாக்க உடலியே. இனிமே எனக்கு அண்ணன் இல்ல.”

அன்று போனவள் அதன்பின் செஞ்சியில் இறங்கவேயில்லை.

இந்த வருட ஆயுத பூசை மதியம், அவர் கடையை மூடப் போகும்போது, முன்புறம் வாழைக்கன்று கட்டிய வெள்ளைக் கார் ஒன்று நொண்டிக்கொண்டு வந்து நின்றது. முன் சக்கரத்தில் சுத்தமாகக் காற்றில்லை. ஓட்டி வந்தவன் ரஞ்சிதத்தின் மகன் பிரசாந்த். பின் கதவைத் திறந்து அவளும் இறங்கினாள். தலையில் நிறைய நரை விழுந்திருந்தது.

பிரசாந்த்தான் எல்லாவற்றையும் சொன்னான். அக்கா சுவாதி திருவண்ணாமலையில் மருத்துவமனையில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம், மூன்று வாரம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. ஆபரேஷன் என்றதும் பயந்துபோய், அம்மா வந்தால்தான் உள்ளே போவேன் என்று அழுகிறாள். டயரில் காற்றுப் போனதும் கைகாட்டிய பஸ்கள் எதுவும் நிற்கவில்லை. விடுமுறைக் கூட்டம் படியில் தொங்கியது.

சக்கரத்தைப் பார்த்தார் தனகோட்டி. மூன்று நட்டுகள் சாதாரணமானவை. நான்காவது திருட்டுக்குப் பயந்து போடுகிற பூட்டு நட்டு. உருண்டையாக, வளைந்த கோடு வெட்டியது. அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் எந்தப் பானாவும் அதைப் பிடிக்காது. சாவியைக் கேட்டார். டிக்கியைத் திறந்த பிரசாந்த் அப்படியே நின்றான்.

“காலைல கார் சாமானெல்லாம் எடுத்து பூசைல வச்சேன் மாமா. அதுவும் அங்கதான் இருக்குது, பொட்டு வச்சி.”

“நல்லாப் படைச்சடா. சாவி தாம்பரத்துல, சக்கரம் செஞ்சியில” என்றாள் கடை வாசலில் நின்ற மணிமொழி.

தனகோட்டியின் கருவிகளும் பூசையில்தான் இருந்தன. நாளைக் காலைவரை தொட முடியாது என்று சொல்லிவிட்டால் போதும். ஊரில் எல்லாக் கடைகளும் அப்படித்தான். தங்கை இன்று இரவு தன் வீட்டில் தங்குவாள், தன் வீட்டுச் சுண்டலைத் தின்பாள். அந்த நினைப்பு ஒரு கணம் அவருக்கு இனித்தது. அப்போது ரஞ்சிதத்தின் கைபேசி ஒலித்தது. எப்போது வருவாய் என்று சுவாதி கேட்பதும், இதோ வந்துவிட்டேன் என்று ரஞ்சிதம் பொய் சொல்வதும் அவர் காதில் விழுந்தன. பழைய அரைமணி நேரம் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இவளை இரண்டாவது தடவையும் தாமதமாக்குவதா?

உள்ளே போய்ப் பலகை முன் நின்றார். எடுக்கத்தான் வந்தார், கை எழவில்லை. ரஞ்சிதம் அவரது இடது பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னாள். அவர் திரும்பவேயில்லை.

“இன்னும் கோவமா?” என்று அவள் குரல் உடைந்தது.

“அந்தக் காது கேக்காது ரஞ்சிதம். டயர் வெடிச்சி போயிடுச்சி” என்றாள் மணிமொழி.

ரஞ்சிதம் அண்ணனின் காதையே பார்த்தபடி நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

“புடி. நான் குடுத்தா நைனா ஒண்ணும் சொல்லாது.”

நட்டின்மேல் குல்லாய்போல் கவிழ்கிற சாக்கெட்டுகளில், நட்டைவிட நூலளவு சிறிய பழையது ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் தனகோட்டி. அதை நட்டின் தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து, இரும்பை இரும்பு கவ்வும்வரை இறக்கினார். கைப்பிடியில் நீளப் பைப்பைச் செருகினார். சக்கரம் தரையில் இருக்கும்போதே முழு எடையையும் கொடுத்து மெல்ல அழுத்தினார். வெடுக்கென்று இழுத்தால் சாக்கெட் வழுக்கி நட்டு மழுங்கிவிடும். இரண்டாவது அழுத்தில் ‘கடக்’ என்றது. மற்ற மூன்றையும் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டினார். பூட்டு நட்டுக்குப் பதில் தன்னிடமிருந்த சாதாரண நட்டைப் போட்டார்.

பிரசாந்த் காரைக் கிளப்பினான். தனகோட்டி சாக்கெட்டும் பைப்புமாக ஜன்னலோரம் நின்றார்.

“மிச்ச மூணு சக்கரத்துலயும் அதே நட்டுதான் இருக்குது. வழியில இன்னொண்ணு பஞ்சரானா இன்னா பண்ணுவீங்க?”

ரஞ்சிதம் பின் சீட்டிலிருந்த பிள்ளைத் துணி மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் ஏறிக்கொண்டார்.

திருவண்ணாமலை மருத்துவமனையில், சுவாதியின் ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் அறைக் கதவை நெருங்கும்போது அவர்கள் ஓடிவந்து சேர்ந்தார்கள். சுவாதி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கிரீஸ் கையோடு வராந்தாவிலேயே தயங்கி நின்ற தனகோட்டியிடம் ரஞ்சிதம் திரும்பி வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, மகளிடம் அழைத்துப் போனாள்.